கூப்பிட்டதும் மாறிய கோடுகள்

சில மாதங்களுக்கு முன் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், யாரிடமோ என் எண்ணை வாங்கி, எனக்கு ஃபோன் செய்தாள். அவளுடைய அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை. "அக்கா, தலையில ஒயர் வெச்சு ஏதோ எடுக்கணும்னு சொல்றாங்க. எடுக்க வுடலாமா?" என்று கேட்டாள். தாராளமாக எடுக்கட்டும் என்றேன். அதற்குப் பிறகும் அவள் ஃபோனை வைக்கவில்லை. மருத்துவமனையில் காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிறிய ஊரில் அங்கன்வாடிப் பணியாளர். என் கணவருக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி, உண்டு. மலையில் விளையும் சாமை, புளி, பலாப்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கும் செங்கத்துக்கும் போய்வருவார். ஆதாரில் அவர் பெயர் ரவிச்சந்திரன். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வைத்த பெயர் அது. மலையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. செவத்தான் என்றால்தான் தெரியும்.

பங்குனி மாதம், புளி உலுக்கும் சமயம். மரம் ஏற வேண்டிய ஆள் அன்று வரவில்லை. லோடு ஏற்றப் போன இவர், கீழே நின்றபடியே நீளமான இரும்புக் குழாயால் கிளையைத் தட்டினார். இலைகளுக்கு அந்தப் பக்கம் மின்கம்பி போவதை அவர் கவனிக்கவில்லை. குழாய் ஒரு பக்கம் விழுந்தது, இவர் ஒரு பக்கம் விழுந்தார்.

அன்று அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். கிராம சுகாதாரச் செவிலியர் விஜயா என்னுடன்தான் இருந்தார். சத்தம் கேட்டு இருவரும் ஓடினோம். மரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. விஜயா இவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். உடனே முட்டி போட்டு உட்கார்ந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். கை ஓய்ந்தபோது, "நீ அமுக்கு. எலும்பு உடைஞ்சாலும் பரவால்ல, வுடாத" என்றார். நான் அழுத்தினேன். விலா எலும்பு ஒன்று என் கைக்குக் கீழே முறிந்தது எனக்குத் தெரிந்தது. விடவில்லை.

நல்ல வேளையாக, பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டிப் போக வந்திருந்த ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலேயே நின்றிருந்தது. அதிலிருந்தவர்கள் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டி அதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது முறை இதயம் துடித்தது. மூச்சும் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

ஆலங்காயத்தில் முதலுதவி செய்து, அங்கிருந்து கீழே ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் இவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வாயில் குழாய், பக்கத்தில் மூச்சு கொடுக்கும் இயந்திரம். உடம்பு சூடாகிவிடாமல் இருக்க மேலே ஒரு குளிர்ந்த போர்வை. ஒவ்வொரு மருத்துவரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "இதயம் எத்தனை நிமிஷம் நின்னுச்சு?" எனக்குத் தெரியவில்லை. விஜயாவுக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் கடிகாரம் பார்க்க யாருக்குத் தோன்றும்?

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். நின்றுகொண்டு பேசாமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"நெஞ்சு நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகலம்மா. அதனாலதான் இந்த மயக்கம். இதத்தான் கோமான்னு சொல்றோம். மூளையில எவ்ளோ அடின்னு இன்னிக்குத் தெரியாது. மயக்க மருந்து வேற கொடுத்திருக்கோம். அதனால இப்ப நான் நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர், தெரிந்த அன்று உண்மையைச் சொல்வார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நான் கடைசி வரை விடவில்லை.

மறுநாள் காலையில் என் கணவரின் அண்ணன் மாணிக்கம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். "செல்வி, கை ஆடுது. காலும் ஆடுது. தம்பி எழுந்துக்கப் போறான்" என்றார். கண்ணில் தண்ணீர். நானும் போய்ப் பார்த்தேன். தோளும் கைகளும் வெட்டி வெட்டி இழுத்தன. முகமும் லேசாகத் துடித்தது. அசையாமல் கிடந்த மனிதர் அசைந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

ஆனால் மருத்துவரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. இப்படிப்பட்ட துடிப்பு அவராக அசைப்பது இல்லை என்றார். ரத்தம் இல்லாமல் தவித்த மூளையிலிருந்து அது தானாக வருகிறது. சிலருக்கு அது மோசமான அறிகுறி. சிலருக்கு அப்படி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் மூளை அலையில்தான் தெரியும். "அதனால தலையில ஒயர் வெச்சுப் பார்க்கணும். இ.இ.ஜி.ன்னு பேரு" என்றார்.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. "கரண்ட் அடிச்சு விழுந்தவனுக்குத் திரும்பவும் கரண்டா வெக்கிறீங்க?"

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. இ.இ.ஜி. எடுக்க வந்த பெண், ஷாஹீன் என்று பெயர், வாணியம்பாடிக்காரி, மாமாவைத் தன் வண்டிக்கு அருகே கூப்பிட்டாள். ஒரு ஒயரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஏதாச்சும் சுருக்குன்னு இருக்குதா ஐயா? இது உள்ள எதையும் அனுப்பாது. மூளைக்குன்னு சின்னதா ஒரு மின்சாரம் இருக்குது, அத எடுத்து இந்தத் திரையில காட்டும். அவ்ளோதான்."

"எனக்கும் இருக்குதா?"

"இல்லன்னா இப்ப எங்கிட்ட இத்தன கேள்வி கேட்பீங்களா?"

அவள் வேலை செய்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தையற்காரர் போல டேப்பால் தலையை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்தாள். சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கி, பசை தடவி, சிறு கிண்ணம் போன்ற ஒரு உலோகத்தை ஒட்டினாள். இருபதுக்கு மேல் ஒயர்கள். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் ஓடத் தொடங்கின.

அன்றைக்கு வந்த முடிவு அரைகுறைதான். கோடுகள் மெதுவாகவும் தாழ்வாகவும் இருந்தன. ஆனால் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து ஓடின. துடிப்பு வரும்போது நடுவில் கூர்மையாக ஒரு முள் எழுந்தது. மயக்க மருந்து உடம்பில் இருக்கும்போது இதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார் மருத்துவர். வலிப்புக்கான மருந்து ஒன்றைச் சேர்த்தார். மயக்க மருந்தை நிறுத்தி, அது உடம்பைவிட்டுப் போன பிறகு மறுபடி எடுப்பதாகச் சொன்னார். அதற்கு மூன்று நாள் ஆகும்.

அந்த மூன்று நாளும் காத்திருப்போர் கூடத்தில் கழிந்தன. செலவை அரசுக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, அந்தக் கவலை எனக்குப் பெரிதாக இல்லை. அங்கே எனக்குத் துணையாக இருந்தவர் சந்தவாசல் கோவிந்தம்மாள். அவர் கணவருக்கு வீட்டிலேயே மாரடைப்பு வந்து, மருத்துவமனைக்கு வந்து சேர வெகுநேரம் ஆகியிருந்தது. என் கணவருக்கு இரண்டு கட்டில் தள்ளி அவர் படுத்திருந்தார். கோவிந்தம்மாள் நிலக்கடலை பயிர் வைக்கிறவர், சத்தமாகப் பேசுகிறவர். முதல் நாள் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தன் டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தார். "நீ பட்டினி கெடந்தா அவரு கண்ணத் தொறப்பாரா? துன்னு" என்றார். புளிச்சோறு. மறுக்கத் தோன்றவில்லை. மறுநாள் முதல் மலையிலிருந்து மாமாவின் மனைவி, என் அக்கா முறை, கொடுத்தனுப்பிய சாமைச் சோற்றை இருவரும் பங்கிட்டோம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த என் மகள் கவிதாவை அந்த அக்காதான் பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். மலையிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"மூச்சு இருக்கும்போதே வூட்டுக்கு இட்டுனு போய்டலாம்மா. எங்கப்பா கீழ ஆஸ்பத்திரியில செத்து, பாடியா மேல கொண்டாந்தோம். அந்த நெலம இவனுக்கு வாணாம்."

"டாக்டரம்மா நாளைக்குத் திரும்ப எடுத்துப் பாத்து சொல்றேன்னாங்க மாமா."

"கூப்ட்டா திரும்பல, கிள்ளினா திரும்பல. கோட்டப் பாத்து இன்னா சொல்லப்போறாங்க?"

"அது தெரியாமத்தான் கேக்கறேன். நாளைக்கு ஒரு நாள். அந்தக் கோட்டுல ஒண்ணும் இல்லன்னு அவங்க சொல்லிட்டா, வூட்டுக்கு இட்டுனு போறோம்னு நானே காகிதத்துல கையெழுத்துப் போடறேன்."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. மாமா கல்நெஞ்சக்காரர் இல்லை. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

ஐந்தாம் நாள் காலையில் ஷாஹீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருத்துவரும் கூடவே வந்து திரைக்கு முன் நின்றார். என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். என்ன பார்க்கப் போகிறோம் என்று மருத்துவர் எனக்குத் தமிழில் எளிமையாகச் சொன்னார். மூளை அலை விடாமல் ஓடுகிறதா, இல்லை குப்பென்று ஒரு வெடிப்பு வந்து பிறகு வெகுநேரம் தட்டையாகக் கிடக்கிறதா என்பது ஒன்று. வெளியிலிருந்து ஏதாவது செய்தால் அலை மாறுகிறதா என்பது இன்னொன்று. "அலை ஓடினா மட்டும் போதாதும்மா. நாம கதவத் தட்டினா உள்ள யாரோ திரும்பிப் பாக்கணும். அப்படிப் பாத்தா, எழுந்துக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். அதுக்காக உறுதி கொடுக்க முடியாது. கண்மணி வெளிச்சத்துக்கு சுருங்குதா, ஸ்கேன்ல இன்னா இருக்குது, எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்லுவோம்."

கோடுகள் இந்த முறையும் தொடர்ந்து ஓடின. அது எனக்கே தெரிந்தது. ஷாஹீன் அவர் காதருகே கை தட்டினாள். கோடுகள் அப்படியே போயின. நகக்கண்ணை அழுத்தினாள். உடனே தோள் துடித்து, திரை முழுதும் கறுப்பாகக் கிறுக்கல் விழுந்தது. "இது தசை அசைஞ்சதால வர்றது. இத எடுத்துக்க முடியாது" என்றார் மருத்துவர். பிறகு ஷாஹீன் குனிந்து, "ரவிச்சந்திரன், ரவிச்சந்திரன், கண்ணத் தொறங்க" என்று கூப்பிட்டாள். இரண்டு முறை. ஒன்றும் இல்லை.

மாமாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"மேடம், அந்தப் பேரு அவருக்குப் பழக்கமே இல்லீங்க. அது காகிதத்துல இருக்கற பேரு."

மருத்துவர் திரும்பினார். "நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நான் பேர் சொல்ல மாட்டேங்க."

"பேர் வாணாம். வூட்ல தெனமும் எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. நான் சொல்லும்போது ஆரம்பிங்க, சொல்லும்போது நிறுத்துங்க."

காதருகே குனிந்தேன். பசையின் நெடி அடித்தது. என்ன பேசுவது? மருத்துவரும் ஷாஹீனும் செவிலியர்களும் சுற்றி நிற்கும்போது புருஷனிடம் என்ன பேச முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏங்க, மணி ஏழாவுது. இன்னும் இன்னா தூக்கம்? ஆலங்காயத்துக்காரரு நாலு வாட்டி ஃபோன் பண்ணிட்டாரு. எழுந்திருங்க."

ஷாஹீன் திரையில் விரலை வைத்தாள். மெதுவாக அகலமாகப் போய்க்கொண்டிருந்த கோடுகள் சட்டென்று நெருங்கி, தாழ்ந்து, வேகமாக ஓடின. உடம்பு அசையவில்லை. கண் இமைகூட அசையவில்லை. கோடுகள் மட்டும் மாறியிருந்தன.

"நிறுத்துங்க" என்றார் மருத்துவர். நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கோடுகள் பழையபடி அகலமாயின. "இப்ப பேசுங்க." பேசினேன். மறுபடி மாறின. மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "உங்க சத்தம் உள்ள போய்ச் சேருதும்மா" என்றார்.

அவர் முழுதாக விளக்கினார். அலை விடாமல் ஓடுகிறது, குரலுக்கு மாறுகிறது, கண்மணி நன்றாகச் சுருங்குகிறது, ஸ்கேனில் பெரிய வீக்கம் இல்லை. துடிப்பும் மோசமான வகை இல்லை என்று இந்த அலையோடு சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது. எப்போது எழுவார் என்று சொல்ல முடியாது. எழுந்தாலும் சில குறைகள் இருக்கலாம். "ஆனா இப்ப கூட்டிட்டுப் போனா தப்பு செய்றோம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மாமாவிடமும் சொல்லச் சொன்னேன். சொன்னார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூடத்துக்கு வந்தபோது கோவிந்தம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கணவருக்கும் அதே காலை, அதே இயந்திரத்தில் எடுத்திருந்தார்கள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உன் மூஞ்சியிலயே தெரியுது. எதுக்கு மறைக்கற?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வெடிப்பு வருது, அப்பறம் ரொம்ப நேரம் வெறுங்கோடு. மூணு வாட்டி எடுத்துட்டாங்க, மருந்தெல்லாம் நிறுத்தியும் அப்படியேதான் இருக்குது. நான் பேசினேன், எம் பையன் பேசினான். ஒண்ணுத்துக்கும் மாறல. கண்மணியும் மாறல. டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க. நேரா சொன்னது நல்லதுதான். இல்லன்னா மாசக்கணக்கா அவரப் போட்டு வதைச்சிருப்பேன்."

மறுநாள் அவர்கள் கணவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது தன் பாயையும் ஃபிளாஸ்க்கையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து, காரியம் முடிந்த பிறகு, அவரே ஃபோன் செய்து என் கணவரைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அந்த இயந்திரம் என்ன தருகிறது என்று யாராவது கேட்டால், நான் அவரையும் நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். அது என்னிடம் காத்திருக்கச் சொன்னது. அவரிடம் விட்டுவிடச் சொன்னது. இரண்டு பேருமே குழப்பம் இல்லாமல் செய்ய வேண்டியதைச் செய்தோம்.

எட்டாம் நாள் இவர் கண் திறந்தார். சினிமாவில் வருவது போல இல்லை. கண் திறந்திருந்தது, பார்வை யார்மேலும் நிற்கவில்லை. இரண்டு நாள் அப்படியே. பிறகு நான் இந்தப் பக்கம் நடந்தால் கண் இந்தப் பக்கம் வந்தது. பத்தாம் நாள், "விரல மடக்குங்க" என்றதும் மடக்கினார். அன்றே மருத்துவர் மறுபடி எடுத்த இ.இ.ஜி.யில் கோடுகள் இன்னும் வேகமாகியிருந்தன. ஷாஹீன் அதை என்னிடம் காட்டி, "உங்களுக்கே இப்ப படிக்கத் தெரியும்" என்றாள்.

குழாயை எடுத்த பிறகு கரகரத்த குரலில் அவர் கேட்டது, "இது யார் வூடு?" ஆஸ்பத்திரி என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதையே கேட்டார். அன்று முழுதும் கேட்டார். நானும் சலிக்காமல் சொன்னேன். மாமாதான் கடைசியில், "மாமியார் வூடுதான்டா, படு" என்றார். அதற்கு இவர் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த செவிலியரும் நின்று பார்த்தார்.

மூன்றாவது வாரத்தின் முடிவில் மலைக்கு வந்தோம். விழுந்த நாளும் அதற்கு முந்தைய சில நாட்களும் அவருக்கு நினைவில்லை. இனியும் வராது என்றார்கள். பெயர்கள் சில நேரம் தாமதமாக வருகின்றன. பெரிய குறை கைதான். சும்மா இருக்கும்போது ஒன்றும் இல்லை. டம்ளரை எடுக்கப் போனால் கை வெட்டி இழுத்து டீ சட்டையில் கொட்டும். மாத்திரையில் இப்போது முக்கால்வாசி குறைந்திருக்கிறது. ஆனால் வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அதுதான் அவரை மிகவும் வாட்டியது. சாவைத் தாண்டி வந்த மனிதர், வாசலில் சும்மா நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை வாங்க ஒரு ஆள்கூட வந்து விலை பேசினார். நான் அவரிடம் வண்டி விற்பதற்கில்லை என்றேன். அங்கன்வாடி முடிந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம், பள்ளி மைதானத்தில், இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டப் பழகினேன். ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது. பிறகு அதற்கும் பழகிவிட்டது. போன மாதம் உரிமம் வந்தது.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். மருத்துவமனை வரைக்கும் நானே ஓட்டினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் இவர் சொல்லிக்கொண்டே வந்தார்: ஹாரன் அடி, பிரேக்கிலேயே கால வெச்சுனு இருக்காத, செகண்டுக்கு மாத்து. கை இழுக்காமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். எதிரே ஒரு பேருந்து வந்தது. நான் ஓரம் கட்டி, அதைப் போகவிட்டு, மறுபடி வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா, பேச்சையே காணோம்?" என்றேன்.

"சரியாத்தான ஓட்ற," என்றார். "இன்னா சொல்றது?"